2147483647 பகா எண்ணாக அமைந்தது தற்செயலா?

எண்ணித்துணிந்தவன் எழுதியது:

நேற்று இரவு ஒரு நிரலை ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால், எண்ணிக்கை 2147483647 வரை ஒழுங்காக ஏறி, அடுத்த படியில் −2147483648-க்குத் தலைகுப்புற விழுந்திருந்தது. 32 பிட் மாறியின் எல்லை அது. தப்பு என்னுடையது, திருத்தியும் விட்டேன். ஆனால் அந்த எண் மனதை விட்டுப் போகவில்லை. எதனால் வகுபடும் என்று 3, 7, 11 எனத் தொடங்கிப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் கணினியையே கேட்டேன். பகா எண்ணாம்!

கணினியை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே ஒரு பகா எண்ணை உச்சவரம்பாக வைத்தார்களா, இல்லை தானாக அமைந்ததா? இந்த அளவுள்ள எண்களில் ஏறக்குறைய 21, 22 எண்ணுக்கு ஒன்றுதான் பகா எண். அது சரியாக வரம்பிலேயே வந்து உட்கார்ந்தது எப்படி?

மீதி_ஒன்று எழுதியது:

வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. 32 பிட்டில் ஒன்று குறிக்குப் போய்விடும், மீதி 31. அந்த 31 இடத்திலும் 1 போட்டால் கிடைப்பது 2^31 − 1. மற்ற அளவுகளையும் பாருங்கள். 8 பிட்டில் உச்சம் 127, பகா எண். 16 பிட்டில் 32767 = 7 × 31 × 151. 64 பிட்டில் 9223372036854775807 = 7² × 73 × 127 × 337 × 92737 × 649657. ஆக இரண்டு தேறியது, இரண்டு தேறவில்லை.

தேறாததற்குக் காரணம் கண்ணாலேயே தெரியும். 32767-ஐ பைனரியில் எழுதினால் பதினைந்து 1. அதை மூன்று மூன்றாகப் பிரியுங்கள்:

111 111 111 111 111

ஒவ்வொரு கூறும் 7. ஆகவே முழு எண்ணும் 7-ஆல் வகுபடும். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொரு கூறும் 31, அதனாலும் வகுபடும். அடுக்கைப் பிரிக்க முடிந்தால் எண்ணையும் பிரித்துவிடலாம். 31-ஐ அப்படிச் சம கூறுகளாகப் பிரிக்க வழியில்லை, அதனால் இந்த வழியில் உடைக்க முடியாது.

குட்டிப்பிசாசு எழுதியது:

அப்படியென்றால் கேள்வி முடிந்தது. 31 பகா எண், எனவே 2^31 − 1 பகா எண். கூடுதலாக ஃபெர்மா சோதனையும் (பகா எண் என்றால் மீதி 1 வந்தாக வேண்டும்) போட்டுப் பார்த்துவிட்டேன்: 2-ஐ 2147483646 தடவை பெருக்கி 2147483647-ஆல் வகுத்தால் மீதி 1. பாஸ். இழையைப் பூட்டிவிடலாம்.

தாள்பென்சில் எழுதியது:

பூட்டாதீர்கள் தம்பி. இரண்டுமே தவறு, அதிலும் இரண்டாவது நல்ல தவறு.

11 பகா எண். 2^11 − 1 = 2047. அது 23 × 89. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் எண் உடையும் என்பது உண்மை, ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் உடையாது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 1603-ல் கடால்டி என்ற இத்தாலியக் கணிதர் வெளியிட்ட நூலில் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளெல்லாம் பகா எண் தரும் என்று எழுதினார். 31 மட்டும் பலித்தது. 2^23 − 1-க்கு 47 என்ற காரணி இருக்கிறது, 2^29 − 1-க்கு 233, 2^37 − 1-க்கு 223. மெர்சென் 1644-ல் ஒரு பட்டியல் கொடுத்தார். இந்த வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பட்டியலில் 67-உம் 257-உம் தப்பு; 61, 89, 107 விடுபட்டுப் போயின.

இப்போது உங்கள் சோதனை. 2-ஐ அடிமானமாக வைத்து ஃபெர்மா சோதனை போட்டால் 2047-உம் பாஸ் ஆகும், செய்து பாருங்கள். 2^11-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1. 2046 = 11 × 186. ஆகவே 2^2046-இன் மீதியும் 1. அடுக்கு பகா எண்ணாக உள்ள எல்லா மெர்சென் எண்ணும், உடையக்கூடியதாக இருந்தாலும், இந்தச் சோதனையில் தேறிவிடும். 2-ஐ வைத்து இவற்றைச் சோதிப்பது, திருடனிடமே சாவியைக் கொடுத்து வீட்டுக்குக் காவல் வைப்பது போல.

குட்டிப்பிசாசு எழுதியது:

ஐயோ. 2047-க்கு ஓட்டிப் பார்த்தேன், உண்மைதான், பாஸ் என்கிறது. 3-ஐ வைத்தால் மாட்டிக்கொள்கிறது. என் பழைய பதிவை அழிக்க மாட்டேன், அவமானம் அப்படியே இருக்கட்டும்.

வில்லங்கம் எழுதியது:

இதற்கு ஏன் இத்தனை சுற்று? வர்க்கமூலம் 46340 சொச்சம். அதுவரை வகுத்துப் பார்த்தால் போதும். கணினி கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

தாள்பென்சில் எழுதியது:

முடிக்கும். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணிதர் ஆய்லருக்குக் கணினி இல்லை. 1772-ல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண் பகா எண் என்று தெரிவிக்கிறார். அப்போது அவருக்குப் பார்வையும் ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. 46340 வரை உள்ள எல்லாவற்றாலும் வகுக்க வேண்டுமென்றால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அவர் வேலையைக் குறைத்த விதம்தான் ரசிக்க வேண்டிய இடம். மெதுவாகச் சொல்கிறேன்.

2^31 − 1-ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ‘வ’ என்று பெயர். அப்படியென்றால் 2^31-ஐ வ-வால் வகுத்தால் மீதி 1. 2-ஐ அடுக்கிக்கொண்டே போனால் மீதிகள் ஒரு வட்டமாகச் சுற்றும். 31 பகா எண் என்பதால் அந்த வட்டத்தின் நீளம் சரியாக 31. ஃபெர்மா தேற்றப்படி வட்டத்தின் நீளம் வ − 1-ஐ வகுத்தாக வேண்டும். எனவே வ − 1 என்பது 31-இன் மடங்கு. வ ஒற்றைப்படை எண், ஆகவே 62-இன் மடங்கு. முதல் சல்லடை இது: 62-ஆல் வகுத்தால் 1 மிஞ்சும் எண்கள் மட்டுமே மிச்சம்.

அடுத்தது இன்னும் அழகு. 2^31-இன் மீதி 1 என்றால் 2^32-இன் மீதி 2. ஆனால் 2^32 என்பது 2^16-இன் வர்க்கம். அதாவது வ-வின் உலகில் (வ-வால் வகுத்த மீதிகளை மட்டும் பார்த்தால்) 2 ஒரு முழு வர்க்கம். அப்படி 2 வர்க்கமாக இருக்க வேண்டுமானால் வ-வை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வர முடியும். இரண்டு சல்லடையையும் சேர்த்தால், வ-வை 248-ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மிஞ்ச வேண்டும்.

46340-க்குள் அப்படிப்பட்ட எண்கள், 63-ஐ விட்டுவிட்டால், 372. அவற்றிலும் 249 (3 × 83), 497 (7 × 71), 559 (13 × 43) மாதிரிப் பகு எண்களைக் கழித்துவிடலாம்.

எண்ணித்துணிந்தவன் எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டுக் கையும் காலும் ஓடவில்லை. தாளை எடுத்து உட்கார்ந்தேன். முதல் பகா எண் 311 (248 + 63).

2147483647 ÷ 311: ஈவு 6905092, மீதி 35.

அடுத்தது 1303. ஈவு 1648107, மீதி 226.

அப்புறம் 1489. ஈவு 1442232, மீதி 199.

மூன்றோடு எழுந்துவிட்டேன். இதற்கே அரை மணி நேரம், நடுவில் ஒரு தடவை கழித்தலில் தப்பு விட்டுத் திரும்பச் செய்தேன். கண் தெரியாத மனிதர் எப்படி இதை முடித்தார் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

வில்லங்கம் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன், வழி அழகுதான். ஆனால் இதனால் என்ன பயன்? 1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் இதை நேராகவே எழுதிவைத்தார். இந்த எண்ணிலிருந்து வரும் நிறைவெண் (தன்னைவிடச் சிறிய தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) 2^30 × (2^31 − 1), அதாவது 2305843008139952128, இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. இதெல்லாம் வெறும் வேடிக்கை, பயனில்லாததால் யாரும் முயல மாட்டார்கள் என்று.

மீதி_ஒன்று எழுதியது:

பார்லோவின் ஜோசியம் பலிக்கவில்லை. 1876-ல் லூக்கா 2^127 − 1 பகா எண் என்று காட்டினார், 39 இலக்கம், கையால். 2024 அக்டோபரில் லூக் டூரான்ட் கண்டுபிடித்த 2^136279841 − 1-க்கு 4,10,24,320 இலக்கம். அதிலிருந்து ஒரு நிறைவெண்ணும் தானாகக் கிடைத்துவிடுகிறது. பயனில்லை என்பதால் மனிதன் சும்மா இருப்பான் என்று அவர் நினைத்ததுதான் பிழை.

பயனையும் சொல்கிறேன். போலித் தற்செயல் எண்கள், அதாவது கணினி கணக்குப் போட்டு உண்டாக்கும், தற்செயல் போலத் தோன்றும் எண்கள். 1988-ல் பார்க், மில்லர் இருவரும் ‘குறைந்தபட்சத் தரம்’ என்று முன்வைத்த முறை இது: கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை எடுத்துக்கொள். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். 16807 என்பது 7^5. 7-ஐ அடுக்கிக்கொண்டே போனால், 1 முதல் 2147483646 வரை உள்ள எல்லா மீதிகளையும் ஒன்றுவிடாமல் தொட்டுவிட்டுத்தான் மறுபடி 1-க்கு வரும். இந்த எண்ணுக்கு அப்படிப்பட்ட மிகச் சிறிய அடிமானம் 7 தான். 2 உதவாது, அது 31 படியில் திரும்பி வந்துவிடும்.

7-க்குப் பதில் 7^5 எடுத்தாலும் அந்த முழுச்சுற்று கெடுவதில்லை. ஏனென்றால் 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331, அதில் 5 கிடையாது.

குட்டிப்பிசாசு எழுதியது:

இந்த முறையை நான் ஒரு விளையாட்டு நிரலில் போட்டிருக்கிறேன்! தொடக்க எண்ணாக 0 கொடுத்தேன். எதிரிகள் எல்லாரும் ஒரே மூலையில் வந்து நின்றார்கள், அசையவே இல்லை. இரண்டு நாள் படம் வரையும் பகுதியில் பிழை தேடினேன். 0-வை எதனால் பெருக்கினாலும் 0 தானே என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

ஒரு சந்தேகம். பெருக்கல் 32 பிட்டைத் தாண்டிவிடுகிறது, ஒவ்வொரு தடவையும் வகுத்தலும் வேண்டும். மெதுவாக இருக்காதா?

மீதி_ஒன்று எழுதியது:

வகுக்கவே வேண்டாம். 2^31-இன் மீதி 1 அல்லவா? அதனால் 31-ஆவது பிட்டில் எண்ணை வெட்டி, மேல்பாதியைக் கீழ்ப்பாதியோடு கூட்டினால் போதும். நேரடியாகவே பாருங்கள்:

282475249 × 16807 = 4747561509943

இதில் 2147483648 எத்தனை முறை போகும்? 2210 முறை. மிச்சம் 1622647863. இரண்டையும் கூட்டுங்கள்: 1622650073. மேலே நான் எழுதிய மூன்றாவது எண் அதேதான். கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால் ஒரு முறை 2147483647-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

சிலர் இதற்குப் பதிலாக 2^31-ஐயே வகுக்கும் எண்ணாக வைத்தார்கள், இன்னும் சுலபம் என்று. ராண்டு என்ற பழைய முறை அப்படித்தான், பெருக்கும் எண் 65539. அது 2^16 + 3. அதை வர்க்கம் செய்து பாருங்கள்: 2^32 + 6 × 2^16 + 9. முதல் உறுப்பு மறைந்துவிடும், மிச்சம் 6 × 65539 − 9. அதாவது அடுத்தடுத்த மூன்று எண்களில் மூன்றாவது எப்போதும் இரண்டாவதின் ஆறு மடங்கிலிருந்து முதலாவதின் ஒன்பது மடங்கைக் கழித்தது. மூன்று மூன்றாக எடுத்து முப்பரிமாணத்தில் புள்ளி வைத்தால் எல்லாம் 15 தளங்களில் அடுக்கி வைத்தாற்போல விழும். பெருக்கும் எண்ணின் தேர்வும் மோசம் என்பது வேறு. ஆனாலும் 2^31-இல் கடைசி பிட்டுகள் குறுகிய சுற்றில் மாட்டிக்கொள்வதைத் தவிர்க்கவே முடியாது. ஒன்றைக் குறைத்ததும் அந்தத் தொல்லை போய்விடுகிறது.

எண்ணித்துணிந்தவன் எழுதியது:

இரட்டைப் பகா எண்ணா இது? பக்கத்தில் ஜோடி உண்டா?

மீதி_ஒன்று எழுதியது:

இல்லை. 2147483645 ஐந்தில் முடிகிறது. 2147483649 மூன்றால் வகுபடும், ஈவு 715827883, அது ஒரு பகா எண். முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. நம் எண் பகா எண்களின் வரிசையில் 10,50,97,565-ஆவது ஆள்.

வில்லங்கம் எழுதியது:

நானும் ஒன்று கேட்கிறேன், இந்த முறை வம்புக்கு இல்லை. 3 பகா எண், 2^3 − 1 = 7. 7-ஐ அடுக்காக வைத்தால் 127. 127-ஐ அடுக்காக வைத்தால் லூக்காவின் எண். 5-இல் தொடங்கினால் 31, அப்புறம் நம் எண். நம் எண்ணையே அடுக்காக வைத்தால்? 2^2147483647 − 1?

தாள்பென்சில் எழுதியது:

எல்லாருக்கும் வரும் ஆசை இது. உடைந்துவிட்டது. அந்தப் பூதாகரமான எண்ணுக்கு 60 கோடிக்கும் மேல் இலக்கம். ஆனால் அதன் ஒரு காரணி இந்தப் பதிவிலேயே அடங்கும்: 295257526626031. முதல் சல்லடையை இங்கும் போட்டுப் பாருங்கள். ஒன்றைக் கழித்து 2147483647-ஆல் வகுத்தால் சரியாக 137490, இரட்டைப்படை. ஆய்லர் 31-க்குச் செய்த அதே வாதம், ஒரு மாடி மேலே.

எண்ணித்துணிந்தவன் எழுதியது:

ஐயா, 4 கோடி இலக்கமுள்ள எண்ணை எப்படிச் சோதிக்கிறார்கள்? சல்லடை போட்டு வகுத்துத் தீராதே.

தாள்பென்சில் எழுதியது:

தீராது. லூக்கா தொடங்கி, லேமர் செப்பனிட்ட சோதனை இருக்கிறது, மெர்சென் எண்ணுக்கென்றே. 4-இல் தொடங்கு. வர்க்கம் செய், 2-ஐக் கழி, எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்த பிறகு 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். ‘அநேகமாக’ என்ற பேச்சே இல்லை. ஆனால் பகு எண் என்று சொல்லும்போது காரணி எதுவும் கையில் கிடைக்காது. 2^67 − 1 பகு எண் என்று லூக்கா 1876-ல் காட்டினார், காரணிகளோ 1903-ல் கோல் கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தன. இன்றைய பெரிய எண்களில் முதலில் 3-ஐ வைத்து ஒரு ஃபெர்மா வகைச் சோதனை நடக்கும், தேறியதை உறுதி செய்ய இதே லூக்கா சோதனைதான்.

31-க்குச் செய்து காட்டுகிறேன், அடுக்கு 5, மூன்று படி: 4, 14, அடுத்து 194 (31-ஆல் வகுத்தால் மீதி 8), அடுத்து 62 (மீதி 0). முடிந்தது.

127-க்கு ஐந்து படி: 4, 14, 67, 42, 111, 0.

இப்போது 0-க்கு முந்தைய எண்ணைக் கவனியுங்கள். 31-க்கு 8, அதாவது 2^3. 127-க்கு 111, அதாவது 127 − 16, மைனஸ் 2^4. தற்செயல் இல்லை. அடுத்த படியில் 0 வர வேண்டுமானால் இந்த எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 2 வர வேண்டும். மெர்சென் உலகில் 2-இன் வர்க்கமூலம் எப்போதும் 2-இன் ஒரு அடுக்கு, ப்ளஸ் அல்லது மைனஸ். நம் எண்ணுக்கு அது 2^16 = 65536. சரிபாருங்கள்: 65536-இன் வர்க்கம் 4294967296. அதிலிருந்து 2147483647-இன் இருமடங்கைக் கழித்தால் 2. ஆய்லரின் இரண்டாவது சல்லடையில் வந்த அதே 2^16 தான்.

ப்ளஸ்ஸா மைனஸ்ஸா என்பதை நீங்களே ஓட்டிப் பாருங்கள் தம்பி. 29 படி. 64 பிட் மாறி போட மறந்துவிடாதீர்கள்.

எண்ணித்துணிந்தவன் எழுதியது:

போட்டேன். மீதி_ஒன்று சொன்ன வெட்டிக் கூட்டும் முறையிலேயே எழுதினேன், வகுத்தல் இல்லை.

4, 14, 194, 37634, 1416317954, 669670838 என்று தொடங்கி எங்கெங்கோ தாவுகிறது. கடைசி நான்கு வரி இவை:

211987665
1181536708
65536
0